கட்டுமானத் தளத்தில் காயமா, நோயா? முதன்மைக் குத்தகையாளரின் கடமைகளும் நீங்கள் அறிய வேண்டியவையும்

சுருக்கமாக

- சிங்கப்பூரில் ஒரு கட்டுமானத் தளத்தை நிர்வகிக்கும் முதன்மைக் குத்தகையாளர், அங்கு வேலை செய்யும் அனைவரின் பாதுகாப்பிற்கும் உடல்நலத்திற்கும் சட்டப்படி பொறுப்புடையவர். உங்களுக்குச் சம்பளம் தருபவர் வேறொரு நிறுவனமாக இருந்தாலும் இப்பொறுப்பு மாறாது.
- சிகிச்சைச் செலவும் மருத்துவ விடுப்புச் சம்பளமும் உங்கள் முதலாளியின் பொறுப்பு. தவறு யாருடையது என்பதை நிரூபிக்க வேண்டியதில்லை.
- காயம் எங்கே, எப்போது, எப்படி நேர்ந்தது என்பதை முதல் மருத்துவச் சந்திப்பிலேயே உண்மையாகச் சொல்லுங்கள். பின்னர் எழும் கேள்விகள் பலவற்றுக்கு அந்தப் பதிவே விடையாக அமையும்.
- உயிருக்கு ஆபத்தான நிலையில் உடனே 995 என்ற எண்ணை அழையுங்கள்.

இப்பக்கம் யாருக்கு?

கட்டுமான வேலையில் காயமடைந்தோர், வேலையால் நோயுற்றிருக்கலாம் எனக் கருதுவோர், அவர்களைப் பராமரிக்கும் குடும்பத்தார், விடுதியில் உடன் தங்கியிருக்கும் நண்பர்கள் ஆகியோருக்காக இப்பக்கம் எழுதப்பட்டுள்ளது. காயம் ஆறுவதற்கு மருந்தும் ஓய்வும் தேவை. ஆனால் அந்தக் காயத்துக்குக் காரணமான சூழல் அப்படியே இருந்தால், குணமடைந்து திரும்பும் நீங்களோ உங்களுடன் வேலை செய்பவரோ மீண்டும் அதே ஆபத்தைச் சந்திக்க நேரிடும். ஆகவே, தளத்தில் யார் எதைச் செய்திருக்க வேண்டும் என்பதை அறிந்திருப்பது சிகிச்சைக்கும் இழப்பீட்டுக்கும் எதிர்காலப் பாதுகாப்புக்கும் உதவும்.

முதன்மைக் குத்தகையாளர் யார்?

ஒரு கட்டடத்தைக் கட்டுவிக்கும் உரிமையாளர், அந்தப் பணி முழுவதையும் ஒரு நிறுவனத்திடம் ஒப்படைப்பது வழக்கம். அந்நிறுவனமே முதன்மைக் குத்தகையாளர். கம்பி கட்டுதல், பலகை அடித்தல், சாரம் அமைத்தல், மின்வேலை, குழாய் வேலை, சாயம் பூசுதல் போன்ற பணிகளை அது துணைக் குத்தகையாளர்களிடம் பிரித்துக் கொடுக்கும். ஒரே தளத்தில் பல நிறுவனங்களின் ஊழியர்கள் ஒரே நேரத்தில் வேலை செய்வர்.

2004ஆம் ஆண்டு சிங்கப்பூரில் பெரும் வேலையிட விபத்துகள் அடுத்தடுத்து நிகழ்ந்தன. அவ்வாண்டு ஏப்ரலில், எம்ஆர்டி சுரங்கப் பணியின்போது நிக்கல் நெடுஞ்சாலையின் ஒரு பகுதி சரிந்து நால்வர் உயிரிழந்தனர். அவ்விபத்துகளுக்குப் பிறகு, பழைய தொழிற்சாலைச் சட்டத்தின் இடத்தில் 2006 மார்ச் 1 அன்று வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் நடப்புக்கு வந்தது. ஆபத்து நேர்ந்த பின் விதிமீறலைத் தேடுவதைவிட, ஆபத்தை உண்டாக்குபவரும் அதைக் கட்டுப்படுத்தக் கூடியவரும் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்பது அச்சட்டத்தின் அடிப்படைக் கருத்து.

அச்சட்டம் வேலையிடத்தைத் தன் கட்டுப்பாட்டிலும் நிர்வாகத்திலும் வைத்திருப்பவருக்குத் தனிக் கடமையை விதிக்கிறது. கட்டுமானத் தளத்தில் பெரும்பாலும் அந்த இடத்தில் இருப்பவர் முதன்மைக் குத்தகையாளரே. தளமும், உள்ளே வரும் வழியும் வெளியேறும் வழியும், அங்குள்ள இயந்திரங்களும் பொருள்களும் பாதுகாப்பாகவும் உடல்நலத்துக்குக் கேடு விளைவிக்காமலும் இருப்பதற்கு, நடைமுறையில் இயன்ற எல்லா நடவடிக்கைகளையும் அவர் எடுக்க வேண்டும். இக்கடமை தம் சொந்த ஊழியர்களுக்கு மட்டுமன்று. தளத்தில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் உரியது.

இரு பொறுப்புகள்: குழப்பிக்கொள்ள வேண்டாம்

காயமடைந்தவர்கள் பலர் முதலில் கேட்கும் கேள்வி, “நான் யாரிடம் போக வேண்டும்?” என்பதே. துணைக் குத்தகையாளர் ‘அது தளத்தின் தவறு’ என்பார். தள அலுவலகமோ ‘அவர் எங்கள் ஆள் அல்லர்’ எனச் சொல்லக்கூடும். இந்த இரு பதில்களுக்கும் இடையே நோயாளி அலைக்கழிக்கப்படக் கூடாது. கீழ்க்காணும் வேறுபாட்டை நினைவில் கொள்ளுங்கள்.

- உங்கள் முதலாளி: உங்கள் வேலை அனுமதி அட்டையில் பெயர் குறிப்பிடப்பட்டுள்ள நிறுவனம். உங்கள் சிகிச்சைச் செலவு, மருத்துவ விடுப்புக் காலச் சம்பளம், வேலைக் காய இழப்பீட்டுக் காப்புறுதி, காயத்தை மனிதவள அமைச்சுக்குத் தெரிவித்தல் ஆகியவை அதன் பொறுப்பு. பயிற்சியும் பாதுகாப்புக் கருவிகளும் தருவதும் அதன் கடமை.
- முதன்மைக் குத்தகையாளர்: தளத்தின் பாதுகாப்பு, பல நிறுவனங்களின் வேலைகளை ஒருங்கிணைத்தல், ஆபத்தான வேலைகளுக்கு அனுமதி வழங்குதல் ஆகியவை அவர் பொறுப்பு. பாரந்தூக்கி கவிழ்தல், சாரம் சரிதல், அகழ்வுக் குழி இடிதல் போன்ற அபாய நிகழ்வுகளில் எவரும் காயமடையாவிட்டாலும், தளப் பொறுப்பாளர் அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும்.

வேலையைத் துணைக் குத்தகையாளரிடம் கொடுத்துவிட்டதால் முதன்மைக் குத்தகையாளரின் கடமை நீங்கிவிடுவதில்லை. அதுபோலவே, தளம் வேறொருவருடையது என்பதால் உங்கள் முதலாளியின் கடமையும் நீங்கிவிடுவதில்லை. ஒரே விபத்துக்கு இருவர் மீதும் அமைச்சு நடவடிக்கை எடுக்கக்கூடும்.

விபத்தைத் தடுக்க அவர் செய்ய வேண்டியவை

*ஆபத்து மதிப்பீடு.* ஒவ்வொரு வேலையையும் தொடங்குவதற்கு முன் அதிலுள்ள ஆபத்துகளைக் கண்டறிந்து, அவற்றைக் குறைக்கும் வழிகளை எழுதி வைக்க வேண்டும். குறைந்தது மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையும், விபத்து நேர்ந்தாலோ வேலைமுறை மாறினாலோ உடனேயும் அதனை மறுபரிசீலனை செய்ய வேண்டும். அதில் கண்டறிந்தவற்றை ஊழியர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். தாளில் மட்டும் இருந்து, உங்களுக்குப் புரியும் மொழியில் சொல்லப்படாத மதிப்பீடு பயன் தராது.

*வேலை தொடங்கும் அனுமதி.* கட்டட இடிப்பு, 1.5 மீட்டருக்கு மேல் ஆழமான அகழ்வு, பாரந்தூக்கியால் பளு தூக்குதல், அடித்தூண் இறக்குதல், சுரங்கம் தோண்டுதல், 3 மீட்டருக்கு மேல் விழும் வாய்ப்புள்ள உயர வேலை போன்றவற்றைத் தொடங்க எழுத்துபூர்வ அனுமதி தேவை. இது உங்கள் வேலை அனுமதி அட்டையிலிருந்து வேறுபட்டது. ஊழியர்கள் இதனைப் ‘பெர்மிட் டு ஒர்க்’ என்றே அறிவர். ஆபத்துகள் சரிபார்க்கப்பட்டுப் பொறுப்பு மேலாளர் ஒப்புதல் அளித்த பிறகே வேலை தொடங்க வேண்டும். அனுமதியின் நகல் வேலை நடக்கும் இடத்தில் கண்ணில் படும்படி வைக்கப்பட வேண்டும்.

*வேலைகளை ஒருங்கிணைத்தல்.* மேல் தளத்தில் ஒரு நிறுவனத்தார் பலகை கழற்றும்போது, அதன் நேர்கீழே இன்னொரு நிறுவனத்தார் வேலை செய்யக் கூடாது. தனித்தனியே பார்த்தால் இரு வேலைகளும் முறையாக இருக்கலாம். ஒன்றன்மேல் ஒன்று நடக்கும்போதே ஆபத்து பிறக்கிறது. தளம் முழுவதையும் பார்க்கும் இடத்தில் இருப்பவர் முதன்மைக் குத்தகையாளர் மட்டுமே. ஆகவே, தளத்தில் உள்ள நிறுவனங்களை அழைத்து ஒருங்கிணைப்புக் கூட்டங்களை நடத்துவது அவர் கடமை.

*பாதுகாப்புப் பொறுப்பாளர்கள்.* குத்தகை மதிப்பு 10 மில்லியன் வெள்ளி அல்லது அதற்கு மேல் உள்ள தளத்தில் பதிவுபெற்ற பாதுகாப்பு, சுகாதார அதிகாரி இருக்க வேண்டும். அதற்குக் குறைவான மதிப்புள்ள தளத்தில் பாதுகாப்பு, சுகாதார ஒருங்கிணைப்பாளர் இருக்க வேண்டும். 50 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் தளத்தில் பாதுகாப்பு, சுகாதாரக் குழு அமைக்கப்பட வேண்டும்.

*விழுதலைத் தடுத்தல்.* 2 மீட்டருக்கு மேல் விழும் வாய்ப்புள்ள திறந்த விளிம்புகளும் தரைத் திறப்புகளும் மூடப்பட்டிருக்க வேண்டும், அல்லது தடுப்புக் கம்பி அமைக்கப்பட்டிருக்க வேண்டும். பாதுகாப்புக் கச்சை அணிவித்தால் மட்டும் போதாது. அதன் கொக்கியை மாட்டுவதற்கு உறுதியான பிடிமானமும் இருக்க வேண்டும். ‘கச்சை அணிந்திருந்தேன், மாட்ட இடமில்லை’ என்று நீங்கள் சொல்ல நேர்ந்தால், அது உங்கள் கவனக்குறைவாகாது, தளத்தின் குறைபாடாகும்.

*முதலுதவி.* தளத்தில் முதலுதவிப் பெட்டி இருக்க வேண்டும். 25 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் பயிற்சி பெற்ற முதலுதவியாளர் இருக்க வேண்டும்.

*காணொளிப் பதிவு.* 2024 ஜூன் 1 முதல், 5 மில்லியன் வெள்ளி அல்லது அதற்கு மேல் குத்தகை மதிப்புள்ள கட்டுமானத் தளங்களில், ஆபத்து மிகுந்த வேலைகள் நடக்கும் இடங்களில் காணொளிக் கண்காணிப்புக் கருவி பொருத்தப்பட வேண்டும். விபத்து எப்படி நேர்ந்தது என்பதில் கருத்து வேறுபாடு எழுந்தால், அப்பதிவு உதவக்கூடும்.

நோயைத் தடுக்க அவர் செய்ய வேண்டியவை

விழுந்து அடிபட்டால் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். தூசியும் இரைச்சலும் உண்டாக்கும் பாதிப்போ பல ஆண்டுகள் வெளியே தெரியாமல் வளரும். சட்டம் இவ்விரண்டையும் ஒன்றாகவே கருதுகிறது.

*வெப்பம்.* திறந்தவெளியில் கடும் உடலுழைப்பு செய்வோருக்கு வெப்பத்தாக்கு ஏற்படும் ஆபத்து உண்டு. 2023 அக்டோபரில் மனிதவள அமைச்சு வெப்பம் தொடர்பான நடவடிக்கைகளைக் கடுமையாக்கியது. காற்றின் வெப்பம், ஈரப்பதம், வெயில், காற்றோட்டம் ஆகியவற்றைச் சேர்த்துக் கணக்கிடும் ஈரக்குமிழ் வெப்ப அளவு 32 பாகை செல்சியசை எட்டினால், கடும் உடலுழைப்பு செய்வோருக்கு ஒவ்வொரு மணி நேரத்திலும் குறைந்தது 10 நிமிட ஓய்வு நிழலில் தரப்பட வேண்டும். அளவு மேலும் கூடினால் ஓய்வும் நீள வேண்டும். இந்த அளவு, வானிலைச் செய்தியில் கூறப்படும் வெப்பநிலை அன்று. இரண்டையும் ஒன்றாகக் கருத வேண்டாம். ஊழியர் மணிக்கு ஒருமுறையேனும் நீர் அருந்த வழி செய்ய வேண்டும். புதிதாக வந்தவரைக் குறைந்தது 7 நாள்கள் படிப்படியாக வெயிலுக்குப் பழக்க வேண்டும்.

*தூசி.* கான்கிரீட், கல், ஓடு ஆகியவற்றை வெட்டும்போதும் துளையிடும்போதும் சிலிக்கா அடங்கிய நுண்தூசி எழும். அது நுரையீரலில் தங்கித் தழும்பை உண்டாக்கும் நோய் சிலிக்கோசிஸ். அந்தத் தழும்பு மீண்டும் சரியாவதில்லை. காசநோய் வரும் வாய்ப்பையும் அது கூட்டுகிறது. நீர் பாய்ச்சி வெட்டுதல், தூசியை உறிஞ்சும் கருவியைப் பயன்படுத்துதல் ஆகியவை முதல்நிலைத் தடுப்பு முறைகள். முகக்கவசம் அவற்றுக்குத் துணை மட்டுமே, மாற்று ஆகாது. சிலிக்காத் தூசிக்கு ஆளாவோருக்கு முதலாளியின் செலவில் மருத்துவப் பரிசோதனை செய்யப்பட வேண்டும்.

*இரைச்சல்.* எட்டு மணி நேரத்துக்குச் சராசரியாக 85 டெசிபல் என்பதே அனுமதிக்கப்படும் அளவு. கைக்கெட்டும் தொலைவில் நிற்பவரிடம் நீங்கள் கத்திப் பேச வேண்டியிருந்தால், அந்த இடத்தின் இரைச்சல் அந்த அளவைத் தாண்டியிருக்கலாம். இரைச்சலால் இழந்த கேட்கும் திறன் திரும்புவதில்லை. எனவே இரைச்சல் குறைந்த இயந்திரங்கள், ஒலித்தடுப்பு, செவிக்காப்பு, ஆண்டுதோறும் செவித்திறன் சோதனை ஆகியவை தேவை.

*சிமெண்டும் வேதிப்பொருள்களும்.* ஈரமான சிமெண்ட் காரத்தன்மை கொண்டது. அது தோலில் தங்கினால் வலி தெரியாமலேயே ஆழமான தீப்புண் போன்ற புண்ணை உண்டாக்கும். கையுறை, நீர்புகாக் காலணி, கழுவ ஓடும் நீர் ஆகியவை தளத்தில் இருக்க வேண்டும்.

*அடைபட்ட இடங்கள்.* தொட்டி, சாக்கடைக் கிணறு, குழாய்ப்பாதை போன்றவற்றுள் நுழைவதற்கு முன் காற்றைச் சோதிக்க வேண்டும். உயிர்வாயு அளவு 19.5 விழுக்காட்டுக்குக் குறைந்தாலோ 23.5 விழுக்காட்டை மிஞ்சினாலோ உள்ளே செல்லக் கூடாது. உள்ளே மயங்கியவரைக் காப்பாற்ற, பயிற்சியும் கருவியும் இன்றி இறங்கியவரும் உயிரிழந்த நிகழ்வுகள் உலகெங்கும் உண்டு. அவசர மீட்புக்கான ஏற்பாட்டை வேலைக்கு முன்பே செய்ய வேண்டும்.

*கொசு.* தளத்தில் தேங்கும் தெளிந்த நீரில் ஏடிஸ் கொசு முட்டையிட்டு டெங்கியைப் பரப்பும். முட்டை கொசுவாக வளர ஏறத்தாழ ஒரு வாரமே போதும். நீர் தேங்காமல் பார்த்துக்கொள்ளாத தளத்தில் வேலையை நிறுத்த உத்தரவிடும் அதிகாரம் தேசியச் சுற்றுப்புற வாரியத்துக்கு உண்டு.

காயமோ நோயோ ஏற்பட்டவுடன்

1. உயிரைக் காப்பதே முதல் வேலை. மயக்கம், மூச்சுத் திணறல், நிற்காத குருதிப்போக்கு, உயரத்திலிருந்து விழுதல், தலையில் அடி ஆகிய நிலைகளில் 995ஐ அழையுங்கள். கழுத்திலோ முதுகிலோ அடிபட்டிருக்கலாம் எனத் தோன்றினால், வேறு ஆபத்து இல்லாதவரை அவரை நகர்த்தாதீர்கள். லாரியில் ஏற்றி விடுதிக்கு அழைத்துச் செல்ல வேண்டாம்.
2. வெப்பத்தாக்கு. குழப்பமான பேச்சு, தள்ளாட்டம், மிகச் சூடான உடல், வலிப்பு ஆகியவை தென்பட்டால் 995ஐ அழைத்துவிட்டு, நிழலுக்கு மாற்றி, ஆடையைத் தளர்த்தி, உடலெங்கும் நீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவருக்குக் குடிக்க எதுவும் கொடுக்காதீர்கள்.
3. கண்ணிலோ தோலிலோ சிமெண்ட் பட்டால், சிமெண்ட் படிந்த ஆடையைக் களைந்து, ஓடும் நீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவிய பின் மருத்துவரிடம் செல்லுங்கள்.
4. மேற்பார்வையாளரிடம் அன்றே தெரிவியுங்கள். இயன்றால் குறுஞ்செய்தியாகவும் அனுப்புங்கள். நாளும் நேரமும் அதில் பதிவாகிவிடும்.
5. இடத்தைப் படம் எடுத்து வையுங்கள். தளத்தின் பெயர்ப்பலகை, வேலை செய்த இடம், உடைந்த கருவி ஆகியவற்றின் படங்களும், உடனிருந்தோரின் பெயரும் தொலைபேசி எண்ணும் உதவும். அதற்காக ஆபத்தான இடத்துக்குத் திரும்பிச் செல்ல வேண்டாம்.

தலையில் அடிபட்டவர் முதலில் நன்றாக இருப்பதுபோல் தோன்றலாம். அடுத்த ஓரிரு நாள்களில் தலைவலி கூடுதல், மீண்டும் மீண்டும் வாந்தி, எழுப்ப இயலாத தூக்கம், கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல் ஆகியவை ஏற்பட்டால் உடனே அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். விடுதியில் உடன் தங்கியிருப்பவர் முதல் இரவில் அவரைத் தனியே விடாதிருப்பது நல்லது.

மருத்துவரிடம் என்ன சொல்ல வேண்டும்?

ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். இது விளக்கத்துக்காகக் கற்பனை செய்யப்பட்டது. கம்பி கட்டும் ஊழியர் ஒருவர், பலகையால் மூடப்படாத தரைத் திறப்பு வழியே கீழ்த்தளத்தில் விழுகிறார். மருந்தகத்துக்குச் செல்லும் வழியில், ‘குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்று சொல், இல்லாவிட்டால் எல்லோருக்கும் தொல்லை’ என மேற்பார்வையாளர் கூறுகிறார். அவரும் அப்படியே சொல்லிவிடுகிறார். மருத்துவர் தாழ்வான இடத்தில் வழுக்கியதாகக் கருதி, கணுக்காலை மட்டும் சோதிக்கிறார். மூன்று மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தவர் என்று தெரிந்திருந்தால், முதுகெலும்பையும் படம் எடுத்துப் பார்த்திருப்பார். இரண்டு வாரம் கழித்து முதுகுவலியால் எழ முடியாதபோது, அது வேலையிடக் காயம் என்பதற்கு மருத்துவப் பதிவில் எந்தச் சான்றும் இல்லை. தளத்திலோ அந்தத் திறப்பு மூடப்படாமலேயே இருக்கிறது.

ஒரு பொய்யான வாக்கியம் இங்கே மூன்று இழப்புகளை உண்டாக்கிவிட்டது: தவறான சிகிச்சை, சிக்கலான இழப்பீடு, நீங்காத ஆபத்து. ஆகவே மருத்துவரிடம் பின்வருவனவற்றைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

- எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்தத் தளத்தில் நேர்ந்தது
- என்ன வேலை செய்துகொண்டிருந்தீர்கள், எவ்வளவு உயரம், எவ்வளவு பளு
- உங்கள் முதலாளியின் பெயர், தளத்தின் முதன்மைக் குத்தகையாளரின் பெயர்
- நோய் என்றால், எத்தனை ஆண்டுகளாக எந்த வேலை, எத்தகைய தூசி அல்லது இரைச்சல், என்ன பாதுகாப்புக் கருவி தரப்பட்டது

நிறுவனத்தைச் சேர்ந்தவர் உடன் இருக்கும்போது பேசத் தயக்கமாக இருந்தால், தனியாகப் பேச விரும்புவதாக மருத்துவரிடம் சொல்லலாம். தமிழில் பேச உதவி வேண்டும் என்றும் கேட்கலாம். எத்தனை நாள் விடுப்பு தேவை என்பதை முடிவு செய்பவர் மருத்துவரே. முதலாளியோ தள அதிகாரியோ அல்லர். தொழில்சார் நோய் எனக் கண்டறிந்தால், மருத்துவரும் 10 நாள்களுக்குள் மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும்.

சிகிச்சைச் செலவும் இழப்பீடும்

வேலைக் காய இழப்பீட்டுச் சட்டம் 2019இல் புதுப்பிக்கப்பட்டு, 2020 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ளது. வேலை ஒப்பந்தத்தின்கீழ் உள்ள உள்ளூர், வெளிநாட்டு ஊழியர்கள் அனைவருக்கும் அது பொருந்தும். உடலுழைப்பு ஊழியர் அனைவருக்கும், அவர்களின் சம்பளம் எவ்வளவாக இருந்தாலும், முதலாளி காப்புறுதி எடுத்திருக்க வேண்டும்.

- மருத்துவச் செலவு: 2025 நவம்பர் 1 முதல் நேர்ந்த விபத்துகளுக்கு, 53,000 வெள்ளி வரை அல்லது விபத்து நாளிலிருந்து ஓராண்டு வரை, இவற்றுள் எது முன்னர் வருகிறதோ அதுவரை. இதற்கு முன் நேர்ந்த விபத்துகளுக்கு வரம்பு குறைவு.
- மருத்துவ விடுப்புச் சம்பளம்: வெளிநோயாளி விடுப்பு 14 நாள்கள் வரையிலும், மருத்துவமனை விடுப்பு 60 நாள்கள் வரையிலும் முழுச் சம்பளம். அதற்குப் பிறகு, விபத்து நாளிலிருந்து ஓராண்டு வரை மூன்றில் இரு பங்குச் சம்பளம்.
- நிரந்தரப் பாதிப்பு அல்லது இறப்பு: பாதிப்பின் அளவை மருத்துவர் விழுக்காட்டில் மதிப்பிடுவார். அதன்படி ஒட்டுமொத்தத் தொகை கணக்கிடப்படும். இறந்தவரின் குடும்பத்தாருக்கும் இழப்பீடு உண்டு.

நீங்கள் கவனக்குறைவாக இருந்ததாகக் கூறப்பட்டாலும் இந்த இழப்பீட்டைக் கோரலாம். மது அல்லது போதைப்பொருளின் தாக்கம், சண்டை, தானே வரவழைத்துக்கொண்ட காயம் ஆகியவை விலக்கு. முதலாளி ஏற்பாடு செய்த லாரியிலோ பேருந்திலோ வேலைக்குச் சென்று திரும்பும்போது நேரும் விபத்தும் இச்சட்டத்தில் அடங்கும்.

விபத்து நேர்ந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் கோரிக்கை விடுக்க வேண்டும். மருத்துவ விடுப்போ இலகுவான பணியோ அளிக்கப்பட்ட ஒவ்வொரு வேலைக் காயத்தையும் முதலாளி 10 நாள்களுக்குள் அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும். அவர் தெரிவிக்காவிட்டால், நீங்களே அமைச்சிடம் தெரிவிக்கலாம்.

இச்சட்டத்தின்கீழ் கோருவதற்குப் பதிலாக, கவனக்குறைவை நிரூபித்து நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கவும் வழி உண்டு. தளத்தைச் சரியாகப் பராமரிக்கத் தவறியது பற்றிய கேள்வி அங்கே முக்கியமாகும். ஆனால் ஒரே காயத்துக்கு இரு வழிகளிலும் தொகை பெற இயலாது. ஆகவே, எதையும் கைவிடுவதற்கு முன் வழக்கறிஞரிடமோ உதவி அமைப்பிடமோ ஆலோசனை பெறுங்கள். புரியாத மொழியில் உள்ள தாளில் கையெழுத்திடாதீர்கள்.

பராமரிப்பாளர்களுக்கு

தாயகத்தில் இருக்கும் குடும்பத்தாருக்குக் கிடைக்கும் முதல் செய்தி பெரும்பாலும் ஒரு தொலைபேசி அழைப்பாகவே இருக்கும். அப்போது மருத்துவமனையின் பெயர், முதலாளியின் பெயர், தளத்தின் பெயர், அழைத்தவரின் பெயர் ஆகிய நான்கையும் எழுதிக்கொள்ளுங்கள். பின்வருவனவற்றின் படங்களை உங்கள் கைப்பேசியிலும் ஒரு பிரதி வைத்திருங்கள்.

- வேலை அனுமதி அட்டையின் இரு பக்கங்கள்
- மருத்துவ விடுப்புச் சான்றிதழ்கள், மருந்துச் சீட்டு, அடுத்த சந்திப்பு அட்டை
- சம்பளச் சீட்டுகள் (இழப்பீடு சராசரி மாத வருமானத்தின்படி கணக்கிடப்படுவதால், மிகைநேர ஊதியமும் அதில் தெரிய வேண்டும்)
- விபத்து பற்றி அனுப்பிய, பெற்ற குறுஞ்செய்திகள்

அருகில் இருந்து கவனிப்பவர், நோயாளியின் மனநிலையையும் கவனிக்க வேண்டும். வேலை போய்விடுமோ, கடன் எப்படித் தீருமோ என்ற அச்சத்தில் பலர் வலியை மறைப்பர். மருத்துவச் சந்திப்பைத் தவிர்ப்பர். தூக்கமின்மை, பேசாதிருத்தல், விபத்து மீண்டும் மீண்டும் நினைவில் எழுதல் ஆகியவை இரு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அதற்கும் சிகிச்சை உண்டு.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

*நான் துணைக் குத்தகையாளரின் ஊழியர். தளத்தின் குறையை யாரிடம் சொல்வது?*
உங்கள் மேற்பார்வையாளரிடமும் தளத்தின் பாதுகாப்பு அதிகாரியிடமும் சொல்லலாம். பயனில்லையெனில் மனிதவள அமைச்சிடம் தெரிவிக்கலாம்.

*பாதுகாப்புக் காலணிக்கும் கச்சைக்கும் சம்பளத்தில் பிடித்தம் செய்யலாமா?*
கூடாது. சட்டப்படி வழங்க வேண்டிய பாதுகாப்புப் பொருளுக்கு ஊழியரிடம் பணம் வசூலிக்க முதலாளிக்கு உரிமை இல்லை.

*ஊழியருக்குக் கடமை ஏதும் இல்லையா?*
உண்டு. கற்பித்த பாதுகாப்பு முறைகளைப் பின்பற்றுவதும், கொடுத்த கருவியைப் பயன்படுத்துவதும், தமக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிக்காதிருப்பதும் ஊழியரின் கடமை.

*விதியை மீறிய நிறுவனத்துக்கு என்ன தண்டனை?*
வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின்கீழ் முதன்முறை குற்றம் புரியும் நிறுவனத்துக்கு 500,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கப்படலாம். தனிமனிதருக்கு 200,000 வெள்ளி வரை அபராதமோ ஈராண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். தளத்தில் வேலையை நிறுத்தவும் அமைச்சு உத்தரவிடலாம்.

*நான் வேலையை விட்டுவிட்டேன். இழப்பீடு கேட்க முடியுமா?*
முடியும். காயம் நேர்ந்தபோது அந்த முதலாளியிடம் வேலை செய்திருந்தால், காலக்கெடுவுக்குள் கோரலாம்.

*பல ஆண்டுகளுக்கு முன் செய்த வேலையால் இப்போது மூச்சிரைப்பு வந்துள்ளது. என்ன செய்வது?*
முன்பு செய்த வேலைகளின் பட்டியலை ஆண்டுவாரியாக எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். தொழில்சார் நோய் எனக் கண்டறியப்பட்டால், தாமதிக்காமல் அமைச்சிடம் தெரிவியுங்கள். புகைப்பழக்கம் இருந்தால் உடனே நிறுத்துங்கள்.

உதவிக்கு

- அவசர மருத்துவ வண்டி: 995
- மனிதவள அமைச்சு: 6438 5122
- வெளிநாட்டு ஊழியர் நிலையம், 24 மணி நேரமும்: 6536 2692

இப்பக்கத்தில் உள்ளவை பொதுத் தகவல்கள். உங்கள் உடல்நிலை குறித்து மருத்துவரையும், உங்கள் கோரிக்கை குறித்து மனிதவள அமைச்சையும் அணுகுங்கள்.